சாக்கோ கேன்யனுக்கு வயதான பெற்றோருடன் போகலாமா?

சாக்கோ கேன்யன் என்பது நியூ மெக்சிகோவின் வடமேற்கு மூலையில், பியூப்லோ பழங்குடியினரின் முன்னோர் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் கட்டிய கல் கட்டடங்கள் இடிந்து நிற்கும் பள்ளத்தாக்கு. நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: டாலஸில் இருக்கிறீர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. ஜூலை நான்காம் தேதி விடுமுறையில் அல்புகெர்க்கி வரை விமானத்தில் வந்து, அங்கிருந்து வாடகைக் காரில் சாக்கோ கேன்யனைப் பார்த்துவிட்டு அன்று இரவே திரும்ப முடியுமா, மண் பாதைக்குச் சாதாரணக் கார் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள், "இடிந்த சுவர்தானே, அதற்கு மெசா வெர்டே பார்த்தால் போதாதா" என்று. மெசா வெர்டே என்பது கொலராடோவில், பாறைக் குகைகளுக்குள் கட்டிய பழைய வீடுகளுக்குப் பெயர்போன பூங்கா. என் கணிப்பில் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது அந்தக் கடைசி வரியைத்தான். காரும் பாதையும் எப்படியாவது சரியாகிவிடும், அவ்வளவு சிரமப்பட்டு அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் அவர்களுக்கு அங்கே பார்க்க ஏதாவது இருக்குமா என்பதுதான் கவலை. நான் தொல்லியல் படித்தவன். நியூ மெக்சிகோவின் வடமேற்கு மூலையில் சாலை போடுவதற்கும் குழாய் பதிப்பதற்கும் முன்னால் அந்த நிலத்தில் பழைய தடயங்கள் இருக்கின்றனவா என்று புதர்க்காட்டில் நடந்து பார்க்கும் வேலையைப் பல வருடம் செய்திருக்கிறேன். சாக்கோவில் நான் அகழாய்வு செய்ததில்லை, ஆனால் அந்த இடத்தைச் சுற்றியே என் வேலை நடந்தது, அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். ஜூலையில் போகாதீர்கள். பெற்றோர் அக்டோபர் வரை இருப்பார்கள் என்றால் அக்டோபர் முதல் பாதியில் போங்கள். பாதை காய்ந்திருந்தால் சாதாரணக் காரிலேயே போய்விடலாம், ஈரமாக இருந்தால் நான்கு சக்கர இழுவை உள்ள வண்டிக்கும் உத்தரவாதம் இல்லை. அல்புகெர்க்கியிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவது முடியாத காரியம் இல்லைதான். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம், நடுவில் நாலைந்து மணி நேரம் கிடைக்கும். ஆனால் எழுபது வயதுக்காரர்களை வைத்துக்கொண்டு அப்படிச் செய்தால் அவர்கள் நினைவில் நிற்கப்போவது காரின் குலுக்கல் மட்டும்தான். ஃபார்மிங்டனிலோ புளூம்ஃபீல்டிலோ இரண்டு இரவு அறை எடுங்கள், நடுவில் வரும் ஒரு முழுப் பகலைச் சாக்கோவுக்கு என்றே ஒதுக்குங்கள்.

பாதை பற்றி இணையத்தில் நிறையப் பேர் பயமுறுத்துகிறார்கள், இன்னும் சிலர் ஒன்றுமே இல்லை என்கிறார்கள். அவரவர் போன நாளைப் பொறுத்து இரண்டுமே உண்மை. அமெரிக்க நெடுஞ்சாலை 550இல் நகீசி என்ற சிற்றூருக்குச் சற்றுத் தெற்கே, பழுப்பு நிறப் பூங்காப் பலகை இருக்கும் இடத்தில் திரும்ப வேண்டும். அங்கிருந்து பூங்கா வரை ஏறக்குறைய 21 மைல். முதல் 8 மைல் தார், அதற்குப் பிறகு மண், அதிலும் கடைசி நாலைந்து மைல் தகர ஷீட் மாதிரி வரிவரியாக இருக்கும். மெதுவாகப் போனால் கார் தாங்கும், வேகமாகப் போனால் டயர் போகும். பூங்காவை நெருங்கும்போது ஒரு வறண்ட ஓடைப் படுகையைக் கடக்க வேண்டும். மேலே எங்கோ மழை பெய்து அதில் தண்ணீர் வந்துவிட்டால் அது வடியும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. கைபேசி வரைபடத்தை நம்பி வேறு கிளைப் பாதைகளில் நுழைவதுதான் இங்கே நடக்கும் மிகப் பெரிய தவறு. அவை பெரும்பாலும் அங்கே வாழும் நவஹோ பழங்குடிக் குடும்பங்களின் வீட்டுக்கும் ஆட்டுப் பட்டிக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கும் போகும் தனிப்பாதைகள், பாதி இடத்தில் சிக்னலும் இருக்காது. தெற்கிலிருந்து வரும் வழி இன்னும் மோசம், அதை யோசிக்கவே வேண்டாம். கிளம்பும் அன்று காலையில் பூங்காவின் தகவல் மையத்துக்கு ஒரு போன் போட்டுப் பாதை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், நான் இங்கிருந்து எவ்வளவு எழுதினாலும் அந்த ஒரு போனுக்கு ஈடாகாது. வாடகைக் கார் ஒப்பந்தத்தையும் படித்துவிடுங்கள். மண் சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பல நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கின்றன. மாற்று டயர் இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள், இப்போது பல புதிய கார்களில் அது இருப்பதில்லை.

ஜூலை வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் வெயில் மட்டும் இல்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்தப் பகுதிக்குப் பருவமழைக் காலம். காலையில் வானம் சுத்தமாக இருக்கும், மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு இடியும் மின்னலுமாக அரை மணி நேரம் கொட்டிவிட்டுப் போய்விடும். மொத்த மழை குறைவுதான், ஆனால் அந்த அரை மணி நேரம் போதும், களிமண் பாதை சோப்பு தடவியதுபோல் ஆகிவிடும். பகலில் வெயில் 35 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், நடைபாதைகளில் நிழல் என்பதே கிடையாது. கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம் வேறு, டாலஸிலிருந்து நேரே வருபவர்களுக்கு முதல் நாள் மூச்சு வாங்கும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் கிளம்புவதற்கு முன்னால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. உள்ளே கடை இல்லை, பெட்ரோல் இல்லை, உணவகம் இல்லை. தகவல் மையத்தில் குடிதண்ணீரும் கழிப்பறையும் உண்டு, அவ்வளவுதான். கியூபா என்ற சிறிய ஊரிலோ புளூம்ஃபீல்டிலோ பெட்ரோலை நிரப்பிக்கொண்டு, ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீரும் காலையில் கிளறிய புளியோதரையுமாகப் போங்கள். அக்டோபர் என்றால் பகல் இதமாக இருக்கும், ஆனால் காலையிலும் மாலையிலும் நன்றாகவே குளிரும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது அந்த இடிந்த சுவருக்கு வருவோம். பியூப்லோ போனிட்டோ என்பது சாக்கோவில் இருக்கும் கட்டடங்களிலேயே பெரியது. ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, முந்நூறு வருடங்களுக்குக் கொஞ்சம் குறைவான காலத்தில், விட்டுவிட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஆங்கில எழுத்து டி வடிவம், அறுநூறுக்கு மேற்பட்ட அறைகள், சில இடங்களில் நான்கு மாடி உயரம். இதே மாதிரியான பெரிய வீடுகள் அந்தப் பள்ளத்தாக்கில் பத்துக்கும் மேல் இருக்கின்றன. இந்தத் தேதிகள் ஊகம் இல்லை. கூரைக்கும் வாசல்களுக்கும் போட்ட மரங்களின் வளையங்களை எண்ணி, எந்த வருடம் எந்த மரம் வெட்டப்பட்டது என்பது வரை சொல்ல முடிகிறது. டக்ளஸ் என்ற வானியலாளர் 1929இல் மரவளையங்களின் தொடரை இடைவெளி இல்லாமல் இணைத்து முடித்தபோது, அமெரிக்காவின் தென்மேற்கில் இருந்த இந்த இடிபாடுகளுக்கு முதல்முறையாக ஆண்டுக்கணக்கில் வயது கிடைத்தது. சில அறைகளில் அந்த மரங்கள் இன்றைக்கும் சுவரில் செருகியபடியே நிற்கின்றன, ஆயிரம் வருடத்து மரம், பக்கத்தில் போய் நின்று பார்க்கலாம்.

அந்த மரத்தை அப்பாவிடம் காட்டிவிட்டு, அப்படியே திரும்பிப் பள்ளத்தாக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வீடு கட்ட உதவும் மரம் ஒன்றுகூட இருக்காது. சுள்ளிப் புதரும் மணலும்தான். இந்தப் பெரிய வீடுகளுக்கு மொத்தமாக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் போயிருக்கும் என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. அவற்றில் பெரும்பகுதி மேற்கே சுஸ்கா மலையிலிருந்தும் தெற்கே ஸூனி மலையிலிருந்தும் வந்தவை என்று மரவளையத்தின் ஒப்பீட்டிலேயே காட்டியிருக்கிறார்கள். இரண்டு மலைகளுமே 75 கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தில் இருக்கின்றன. அவர்களிடம் சக்கர வண்டி கிடையாது, மாடு குதிரை கிடையாது, மிதக்கவிட ஆறும் கிடையாது. ஒவ்வொரு மரத்தையும் ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எனக்குச் சாக்கோவில் பிடித்தது இதுதான். நீங்கள் காரில் குலுங்கிக்கொண்டு வந்த அதே தூரத்தை, அதைவிடப் பல மடங்கு தூரத்தை, தோளில் மரத்தோடு ஆட்கள் நடந்திருக்கிறார்கள். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, தலைமுறை தலைமுறையாக. எதற்காக, இந்தத் தண்ணீர் இல்லாத இடத்துக்கு? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால் ஒவ்வொரு சுவரும் வேறு மாதிரி தெரியும். அது இல்லாமல் நடந்தால், நீங்கள் சொன்ன மாதிரி, இடிந்த சுவர்தான்.

மரம் மட்டும் இல்லை. பியூப்லோ போனிட்டோவின் ஒரே ஒரு அறையில் நூற்றுக்கும் மேற்பட்ட உருளை வடிவ மண் ஜாடிகளை 1896இல் எடுத்தார்கள். அவை எதற்கு என்று நூறு வருடத்துக்கும் மேலாக யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் 2009இல் பட்ரீஷியா கிரவுன் என்ற தொல்லியலாளரும் ஜெஃப்ரி ஹர்ஸ்ட் என்ற வேதியியலாளரும் சாக்கோவில் கிடைத்த இப்படிப்பட்ட ஜாடிகளின் ஓட்டுத் துண்டுகளைச் சோதித்து, அவற்றில் கொக்கோவின் தடயம் இருப்பதைக் காட்டினார்கள். கொக்கோ விளையும் இடம் அங்கிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் தெற்கே, மெக்சிகோவின் வெப்பமண்டலத்தில். அதே திசையிலிருந்து செந்நிற மக்காவ் கிளிகளையும் உயிரோடு கொண்டு வந்திருக்கிறார்கள், அவற்றின் எலும்புகள் அறைகளுக்குள்ளேயே கிடைத்தன. டர்க்காய்ஸ் எனும் நீலப்பச்சைக் கல்லில் செய்த மணிகள் ஆயிரக்கணக்கில். இவ்வளவும் உறுதியாகத் தெரிந்த விஷயங்கள், பொருள் கையில் இருக்கிறது, சோதனைச்சாலை முடிவு இருக்கிறது.

உறுதி இல்லாதவை என்னென்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தைப் பற்றிய காணொளிகளில் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். எத்தனை பேர் அங்கே வாழ்ந்தார்கள் என்பதில் ஒத்த கருத்து இல்லை. அறைகளை எண்ணிப் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் என்றார்கள், பிறகு அடுப்பும் அன்றாடப் புழக்கத்தின் அடையாளமும் உள்ள அறைகளை மட்டும் எண்ணியவர்கள் சில நூறு என்றார்கள். பெரும்பாலான அறைகளில் யாரும் சமைத்துக் குடியிருந்த அடையாளம் இல்லை. அதனால் இது ஒரு நகரம் என்பதைவிட, சுற்றுவட்டாரத்து மக்கள் குறிப்பிட்ட காலங்களில் வந்து கூடிய சடங்கு மையம் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன், ஆனால் அதை நிரூபித்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அரசன் இருந்தானா, பூசாரிகள் ஆண்டார்களா என்றால், எழுத்தே இல்லாத ஒரு மக்களைப் பற்றி அதைச் சொல்வது கடினம். அப்பா நிச்சயம் கேட்பார், "எந்த ராஜா கட்டினது?" என்று. கல்வெட்டு இல்லை, பெயர் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். பியூப்லோ போனிட்டோவின் ஒரே ஒரு சிறிய அறையில் ஏராளமான டர்க்காய்ஸ் மணிகளோடு அடக்கம் செய்யப்பட்டவர்களின் மரபணுவை ஆராய்ந்து, அவர்கள் தாய்வழியில் ஒரே குடும்பம் என்று 2017இல் ஒரு ஆய்வு வந்தது. பிறப்பால் வந்த ஒரு மேல்தட்டு இருந்தது என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் வழித்தோன்றல்களான பழங்குடியினரிடம் கேட்காமலேயே அந்த எலும்புகளைச் சோதித்தது தவறு என்ற கண்டனமும் கூடவே வந்தது, அந்தக் கண்டனம் நியாயமானது என்பதே என் எண்ணம்.

வானியல் கதைகளில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பூங்காவுக்குள் நுழைந்ததும் தனியாக நிற்கும் குன்று ஒன்று தெரியும், ஃபஹாடா பியூட். அதன் உச்சியில் மூன்று கற்பலகைகளுக்குப் பின்னால் செதுக்கிய சுருள் கோலத்தின் நடுவே, கோடைக்காலத்தின் மிக நீண்ட பகலில், ஒரு கத்தி மாதிரி வெளிச்சக்கீற்று விழுவதை அன்னா சோஃபேர் என்ற கலைஞர் 1977இல் பார்த்து வெளியுலகுக்குச் சொன்னார். வெளிச்சம் விழுந்தது உண்மை, பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் கற்பலகைகள் தானாகச் சரிந்து நின்றவை, கோலத்தை மட்டும் மனிதர்கள் செதுக்கினார்கள் என்பதே பெரும்பாலோர் கருத்து. அப்புறம் பார்வையாளர்களின் காலடியில் மண் அரித்து, 1989க்குள் பலகைகள் நகர்ந்துவிட்டன. இப்போது அந்தக் குன்றில் யாரும் ஏற முடியாது, கீழேயிருந்து பார்க்க வேண்டியதுதான். காசா ரின்கொனாடா என்ற பெரிய வட்ட மண்டபத்தில், கிவா என்பார்கள், இதேபோல் ஒரு ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்து எதிர்ச்சுவர் மாடத்தில் விழும். ஆனால் அந்த ஜன்னல் பகுதி 1930களில் திருப்பிக் கட்டியது, மேலும் மண்டபம் புழக்கத்தில் இருந்த காலத்தில் கூரையைத் தாங்கிய மரத்தூண் அந்த வெளிச்சத்தை மறைத்திருக்கும் என்கிறார்கள். பெனாஸ்கோ பிளாங்கோ என்ற இன்னொரு பெரிய வீட்டுக்குப் போகும் வழியில் பாறை விளிம்பின் அடியில் ஒரு பிறை, ஒரு நட்சத்திரம், ஒரு கை வரைந்திருக்கும். 1054இல் வானத்தில் வெடித்த சூப்பர்நோவாவை வரைந்ததாகச் சொல்வார்கள். இருக்கலாம். ஓவியத்துக்கு நேரடியாகக் காலம் கணிக்கப்படாத வரை இருக்கலாம் என்பதற்கு மேல் சொல்ல முடியாது. அவர்கள் சூரியனையும் நிலவையும் கூர்ந்து கவனித்தவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, பெரிய சுவர்கள் பலவும் வடக்கு தெற்காகவோ கிழக்கு மேற்காகவோ நேராகவே ஓடுகின்றன. ஒவ்வொரு தனிக்கதையையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்கிறேன். இன்னொரு உதாரணம்: பியூப்லோ போனிட்டோ முற்றத்தில் தன்னந்தனியாக ஒரு பைன் மரம் வளர்ந்து நின்றது என்று தொண்ணூறு வருடத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், உலகத்தின் மையத்தில் நின்ற மரம் என்றெல்லாம் விளக்கம் கொடுத்தார்கள். 2020இல் அந்த மரத்தின் வளையங்களை ஒப்பிட்டுப் பார்த்து, அது அங்கே வளர்ந்ததே இல்லை, பெரும்பாலும் சுஸ்கா மலையிலிருந்து வெட்டிக் கொண்டு வந்ததுதான் என்று காட்டிவிட்டார்கள்.

என் வேலையில் நேரடியாகப் பழகியது அவர்களுடைய சாலைகளோடு. பள்ளத்தாக்கிலிருந்து பல திசைகளில், மேடு பள்ளம் பார்க்காமல் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும் பாதைகள், சில இடங்களில் 9 மீட்டர் அகலம். செங்குத்துப் பாறை குறுக்கே வந்தால் சுற்றிப் போகவில்லை, பாறையிலேயே படி வெட்டியிருக்கிறார்கள். வண்டி இல்லாதவர்களுக்கு ஒன்பது மீட்டர் அகலச் சாலை எதற்கு என்பதற்குத் திருப்தியான பதில் இல்லை. ஊர்வலத்துக்கு என்கிறார்கள், நினைவுச் சின்னம் மாதிரி என்கிறார்கள், மரம் தூக்கிப் போக என்றும் சொல்கிறார்கள். நடந்து போகும்போது இந்தச் சாலை கண்ணுக்குத் தெரியவே தெரியாது. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில், கொஞ்சம் உயரமான இடத்தில் நின்று பார்த்தால், புதரின் நிறம் ஒரு பட்டையாக லேசாக மாறித் தெரியும். நடுப்பகலில் அதே இடத்தில் நின்றால் ஒன்றும் தெரியாது. சாக்கோவில் எல்லாமே இப்படித்தான், அதனால்தான் மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்து மூன்று மணிக்குக் கிளம்புபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அன்றைய தினத்தை எப்படி அமைப்பது என்றால், காலையில் கதவு திறந்தவுடன் உள்ளே போங்கள். தகவல் மையத்துக்குப் பின்னாலேயே ஊனா விடா என்ற பெரிய வீடு இருக்கிறது, எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அதன் பெரும்பகுதி தோண்டப்படாமல் மண்மேடாகவே கிடக்கிறது, நடுநடுவே சுவர் எட்டிப் பார்க்கும். முதலில் அதைப் பார்த்துவிட்டுப் போனால்தான் மற்ற கட்டடங்கள் எந்த நிலையிலிருந்து வெளியே வந்தன என்பது புரியும். அதற்கப்புறம் 9 மைல் சுற்றுச்சாலை, அது நல்ல தார்ச்சாலை, ஒவ்வொரு கட்டடத்துக்கும் வண்டி நிறுத்த இடம் உண்டு. செட்ரோ கெட்ல், பியூப்லோ போனிட்டோ, பியூப்லோ டெல் அர்ரோயோ, காசா ரின்கொனாடா, இந்த நான்கும் உங்கள் பெற்றோர் நடக்கக்கூடியவை, ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டருக்கு உட்பட்ட நடை. பியூப்லோ போனிட்டோவில் அறைகளுக்கு உள்ளே போகும் பகுதியில் மட்டும் வாசல்கள் மிகவும் தாழ்வு, நன்றாகக் குனிய வேண்டும், முட்டிவலி இருந்தால் முற்றத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அதன் பின்பக்கம் பாறைக் குவியல் ஒன்று கிடக்கும். அது 1941 ஜனவரியில் மலைச்சுவரிலிருந்து பிரிந்து விழுந்த பாறை, ஏறக்குறைய 30 அறைகளை நொறுக்கிவிட்டது. அது என்றாவது விழும் என்று கட்டியவர்களுக்கே தெரிந்திருக்கிறது, அதன் அடியில் கல்லாலும் மரத்தாலும் முட்டுக் கொடுத்திருந்தார்கள். தெரிந்தும் அதே இடத்தில்தான் கட்டினார்கள்.

சுவர்களைப் பார்க்கும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். உள்ளே கல்லும் மண்ணுமாக நிரப்பி, இரண்டு பக்கமும் மெல்லிய மணற்பாறைத் துண்டுகளை அடுக்கி மேற்பரப்பு எழுப்பியிருப்பார்கள். பெரிய கல் ஒரு வரிசை, விரலளவு சில்லுகள் நாலைந்து வரிசை என்று சில சுவர்களில் பட்டை பட்டையாக அழகாக இருக்கும். இந்த அடுக்கும் முறை காலத்துக்குக் காலம் மாறியிருப்பதால், பழகிய கண்ணுக்கு எந்தச் சுவர் முந்தியது எது பிந்தியது என்று சொல்ல முடியும். இவ்வளவு நுணுக்கமாக அடுக்கிவிட்டு அதன்மேல் மண்ணைப் பூசி மறைத்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். பூச்சு மழையில் கரைந்து போனதால்தான் நாம் இன்று அந்த அடுக்கைப் பார்க்கிறோம். உங்களால் மட்டும் ஏற முடியும் என்றால், பெற்றோரை நிழல் விழும் சுவரோரம் ஒரு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, கின் கிளெட்சோ என்ற இன்னொரு கட்டடத்துக்குப் பின்னால் பாறைப் பிளவு வழியாக மேலே ஏறி பியூப்லோ போனிட்டோவை மேலிருந்து பார்த்துவிட்டு வாருங்கள். டி வடிவம் அங்கிருந்துதான் முழுசாகத் தெரியும். பிளவில் கையை ஊன்றி ஏற வேண்டும், அவர்களுக்கு அது வேண்டாம். மேலே போக இலவச அனுமதிச் சீட்டு ஒன்றை நிரப்ப வேண்டியிருக்கும்.

மெசா வெர்டே போதாதா என்றால், இரண்டும் வேறு. மெசா வெர்டேயின் புகழ்பெற்ற குகை வீடுகள் பெரும்பாலும் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, சாக்கோவில் கட்டுமானம் நின்றுபோய்ப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு கட்டியவை. பார்த்தவுடன் மனதைக் கவரும், தார்ச்சாலை உண்டு, உணவகம் உண்டு. ஆனால் முக்கியமான வீடுகளுக்கு உள்ளே போக முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு, ஏணி ஏற வேண்டும், உங்கள் பெற்றோரால் அங்கே தூரத்திலிருந்துதான் பார்க்க முடியும். சாக்கோவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, சுவருக்குப் பக்கத்திலேயே நடக்கலாம். அளவிலும் சாக்கோவின் கட்டடங்களுக்கு இணையானது மெசா வெர்டேயில் இல்லை. 1130ஐ ஒட்டி சாக்கோவில் பெரிய கட்டுமானம் நின்றது, அதே சமயத்தில் ஏறக்குறைய ஐம்பது வருடம் நீடித்த வறட்சி வந்தது, மையம் வடக்கே நகர்ந்தது. வறட்சி மட்டும்தான் காரணமா, மக்கள் அந்தத் தலைமையை ஏற்க மறுத்தார்களா என்பதில் விவாதம் முடியவில்லை. மாயமாக மறைந்துபோனார்கள் என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்றைய பழங்குடியினரான ஹோப்பி, ஸூனி, ஆகோமா, லகூனா, ரியோ கிராண்டே ஆற்றோர பியூப்லோ மக்கள் எல்லோரும் தங்கள் முன்னோர் இங்கே இருந்து வந்தவர்கள் என்று சொல்கிறார்கள், இன்றும் இந்த இடத்துக்கு வந்து வழிபடுகிறார்கள். நவஹோ மக்களுக்கும் இந்த இடத்தோடு தங்கள் சொந்தக் கதைகள் உண்டு. 2023இல் பூங்காவைச் சுற்றி 10 மைலுக்குள் இருக்கும் அரசு நிலத்தில் புதிய எண்ணெய், எரிவாயுக் குத்தகைகளுக்கு இருபது வருடத் தடை போட்ட அப்போதைய உள்துறைச் செயலர் டெப் ஹாலண்ட் லகூனா பியூப்லோவைச் சேர்ந்தவர். பக்கத்தில் நிலம் வைத்திருக்கும் நவஹோ குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தக் குத்தகைப் பணம் வாழ்வாதாரம் என்பதால் அவர்கள் தரப்பிலிருந்து எதிர்ப்பும் வந்தது. இரண்டு பக்கமும் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஒரு பக்கத்தை மட்டும் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். தரையில் கருப்பு வெள்ளைக் கோடு போட்ட ஓட்டுத் துண்டுகள் நிறையத் தென்படும், குனிந்து பாருங்கள், எடுக்காதீர்கள். எடுப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம், அந்தத் துண்டு கிடக்கும் இடம்தான் எங்களைப் போன்றவர்களுக்குத் தகவல், கையில் வந்துவிட்டால் அது வெறும் ஓடு. எதையும் வைத்துவிட்டும் வராதீர்கள். காசா ரின்கொனாடாவில் ஆட்கள் படிகக் கல்லும் பூவும், இறந்தவர்களின் சாம்பலும்கூடக் கொண்டுவந்து போட்டார்கள், அது பியூப்லோ மக்களை மிகவும் புண்படுத்தியது, இப்போது அதன் உள்ளே இறங்க அனுமதி இல்லை. சுவரில் சாய்வதும் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பதும் கூடவே கூடாது. வழியில் இருக்கும் நவஹோ வீடுகளையும் மனிதர்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

இரவு வானம் பற்றி யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உண்மைதான், 2013இல் இருண்ட வானப் பூங்கா என்று சர்வதேச அங்கீகாரம் கிடைத்த இடம், பால்வெளி கண்ணுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரியும். ஆனால் சூரியன் மறையும்போது சுற்றுச்சாலையை மூடிவிடுவார்கள், அது முழுசாகக் கிடைப்பது காலோ முகாம் மைதானத்தில் கூடாரம் போட்டுத் தங்குபவர்களுக்குத்தான். அங்கே குளிக்க வசதி இல்லை, அக்டோபர் இரவில் உறைநிலைக்குப் பக்கத்தில் போகும், பெற்றோரோடு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீங்களும் துணைவரும் மட்டும் இன்னொரு முறை வந்தால் கட்டாயம் தங்குங்கள், முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கடைசியாக, இரண்டு இரவு அறை எடுங்கள் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாக்கோவுக்கு ஒதுக்கிய நாளில் மழை பெய்து பாதை கெட்டிருந்தால் பிடிவாதம் பிடிக்க வேண்டாம், ஃபார்மிங்டனிலிருந்து அரை மணி நேரத்தில் ஆஸ்டெக் என்ற ஊருக்குப் போய்விடுங்கள். அங்கே ஊருக்குள்ளேயே, தார்ச்சாலை ஓரத்தில், ஆஸ்டெக் ருயின்ஸ் என்ற இன்னொரு பெரிய வீடு இருக்கிறது. சாக்கோவின் மையம் வடக்கே நகர்ந்தபோது எழுந்தது, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சாக்கோவோடு சேர்ந்திருக்கிறது. ஏர்ல் மோரிஸ் என்ற தொல்லியலாளர் 1934இல் அங்கே ஒரு பெரிய கிவாவைக் கூரையோடு முழுசாகத் திருப்பிக் கட்டி வைத்திருக்கிறார். உள்ளே இறங்கி உட்காரலாம், வெயில் படாது, அம்மாவுக்கும் சிரமம் இருக்காது. சாக்கோ போக முடிந்துவிட்டால் அடுத்த நாள் காலை திரும்பும் வழியில் பாருங்கள், ஒரு மணி நேரம் போதும். தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள், அந்த வாரத்து மழை நிலவரத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.